திறந்த முறிவும் சீழும்: ஒரு பழைய கேள்வியின் பல பதில்கள்

எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அந்தக் காயத்தைச் சீழ் பிடிக்காமல் ஆறவைப்பது எப்படி? அறுவை மருத்துவத்தில் இவ்வளவு காலம் சூடு ஆறாமல் விவாதிக்கப்பட்ட கேள்விகள் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய மருத்துவமனைகளில் நடைமுறையில் இருந்த பதில், சீழ் வைப்பதற்கு முன்பே காலை எடுத்துவிடுவது. எடுத்த இடத்திலும் சீழ் வைத்துப் பலர் இறந்துபோனார்கள்.

இன்று அந்த நிலை இல்லை. ஆனாலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. கணைக்கால் எலும்புக்கு முன்பக்கம் தோலைத் தவிர வேறு போர்வை கிடையாது; அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. இருசக்கர வாகன விபத்தில் அந்த எலும்பு நொறுங்கி, மூடுவதற்குச் சதையும் தோலும் மிஞ்சாத காயங்களில் பத்தில் ஒன்று முதல், சில தொகுப்புகளில் பாதி வரை, ஆழமான தொற்றுக்கு ஆளாவதாக வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. தொற்று எலும்புக்குள் இறங்கிவிட்டால் திரும்பத் திரும்ப ஆபரேஷன், மாதக்கணக்கில் மருந்து, வேலை இழப்பு என்று நீண்டு, சிலருக்குக் கடைசியில் கால் போய்விடுகிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் பதில்களைத் தோராயமாக நான்கு கட்சிகளாகப் பிரிக்கலாம். கிருமியைக் கொல்ல வேண்டும் என்பது ஒன்று. செத்த சதையை அகற்ற வேண்டும் என்பது இன்னொன்று. எதைச் செய்தாலும் விரைந்து செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. நல்ல ரத்த ஓட்டமுள்ள சதையால் மூடிவிட வேண்டும் என்பது நான்காவது. இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல. எந்தக் காலத்தில் எதற்கு முதலிடம் கிடைத்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. மணிக்கணக்கிலும் மில்லிகிராமிலும் அளக்க முடிந்தவை ஏராளமாக ஆராயப்பட்டிருக்கின்றன. அறுவை மருத்துவரின் கத்தி எவ்வளவு செம்மையாக வேலை செய்தது என்பதை அளக்க வழி தெரியாததால் அது பெரும்பாலும் ஆராயப்படாமலே நிற்கிறது. கிடைத்திருக்கும் சான்றுகளைப் படிக்கும்போது இந்தச் சாய்வை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கார்பாலிக் அமிலம் முதல் வான்கோமைசின் தூள் வரை

1865 ஆகஸ்ட் 12 அன்று கிளாஸ்கோ ராயல் இன்பர்மரிக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் காலில் ஏறி எலும்பு முறிந்திருந்தது, காயம் திறந்திருந்தது. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின் மேல் வைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. அழுகலுக்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்ற பாஸ்டரின் கருத்தை லிஸ்டர் புண்ணுக்குப் பொருத்திப் பார்த்ததன் பலன் இது. 1867இல் லான்செட் இதழில் அவர் வெளியிட்ட தொகுப்பில் இருந்த திறந்த முறிவுகள் மொத்தம் 11. அவர்களில் ஒருவர் இறந்தார், ஒருவருக்குக் காலை எடுக்க வேண்டி வந்தது, மற்ற ஒன்பது பேரும் கைகாலுடன் தப்பினார்கள். ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாத அந்தச் சின்னத் தொகுப்பு இன்றைய அளவுகோலில் மிகப் பலவீனமான சான்று. ஆனால் அன்று நிலவிய சாவுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இந்தப் பதிலின் வரம்பு 1914இல் வெளிப்பட்டது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போர் நடந்த வயல்கள் தலைமுறை தலைமுறையாக எரு போட்டு உழுதவை. குண்டுச் சிதறல் அந்த மண்ணையும் சீருடைத் துணியையும் சேர்த்துத் தசைக்குள் திணித்தது. வாயு அழுகல் வந்து வீரர்கள் மடிந்தார்கள். கிருமிநாசினிகளை எவ்வளவு ஊற்றியும் பயன் இல்லை.

ஏன் பயன் இல்லை என்பதற்கு விடை தந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெனிசிலினால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் பிளெமிங். ஆல்ம்ரோத் ரைட்டுடன் பூலோன் நகரத்து ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த அவர், ஒரு செயற்கைக் காயத்தைக் கண்ணாடியில் செய்தார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, பக்கவாட்டில் உள்ளீடற்ற முட்களைப் போல இழுத்துவிட்டார். உண்மைக் காயத்தின் சந்துபொந்துகளுக்கு அந்த முட்கள் ஈடு. கிருமி கலந்த சீரத்தை அதில் நிரப்பி, கொட்டி, கிருமிநாசினியை ஊற்றி, அதையும் கொட்டிவிட்டுப் புதிய சீரத்தை நிரப்பினால், முட்களுக்குள் பிழைத்திருந்த கிருமிகள் மறுபடி பெருகின. அதோடு, அந்த மருந்துகள் கிருமியைக் கொல்வதற்கு முன்பே அதை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைக் கொன்றன. ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு செய்யப்பட்ட இந்தச் சோதனை, அதன் பின் வந்த பல பெரிய ஆய்வுகளைவிடத் தெளிவானது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் கிருமியைக் கொல்லும் கட்சியும் ஓயவில்லை. கொம்பியேன் நகரில் அலெக்சிஸ் கேரல், ஹென்றி டேக்கின் இருவரும் 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ரப்பர் குழாய்கள் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காயத்தின் ஒவ்வொரு மடிப்புக்கும் பாய்ச்சினார்கள். காயத்திலிருந்து எடுத்த பூச்சில் கிருமிகளை எண்ணி, எண்ணிக்கை இறங்கிய பிறகே தைத்தார்கள். முடிவுகள் நன்றாக இருந்தன. நன்மை கரைசலால் வந்ததா, ஓயாத கழுவலால் வந்ததா, அதற்கு முன்பே செத்த சதையை வெட்டி எடுத்ததால் வந்ததா என்பதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முறை முழுவதையும் கற்றுக்கொள்ளாமல் கரைசலை மட்டும் கடன் வாங்கியவர்களுக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இதே கதை சல்பா தூளுடன் திரும்ப நடந்தது. அமெரிக்க வீரர்கள் சல்பானிலமைடு பொட்டலத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். பிராங்க் மெலனி தலைமையில் பல மருத்துவமனைகளில் தொகுத்த கணக்கு, காயத்தில் தூவிய தூள் அந்த இடத்துத் தொற்றைக் குறைக்கவில்லை என்று காட்டியது.

இப்போது அதே யோசனை வான்கோமைசின் தூளாக வந்திருக்கிறது. இந்த முறை ஆதாரம் கொஞ்சம் வலுவானது. கணைக்கால் எலும்பின் மூட்டோரத்தில் தொற்றபாயம் அதிகமுள்ள முறிவு ஏற்பட்ட 980 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. ஆழமான தொற்று, தூள் போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 9.8 சதவீதம். ஆனால் இந்த வேறுபாடு வழக்கமான புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் கிருமிகளில் மட்டுமே குறைவு தெரிந்தது. கிராம்-நெகட்டிவ் கிருமிகளில் தெரியவில்லை. வான்கோமைசின் எந்த வகையைத் தாக்குமோ அந்த வகையில் மட்டும் பலன் தெரிந்திருப்பதால், இது தற்செயல் அல்ல என்று நம்ப இடம் இருக்கிறது. கிராம்-நெகட்டிவ் கிருமிகள் ஆதிக்கம் செலுத்தும் இந்திய மருத்துவமனைகளுக்கு இந்த முடிவு எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி.

செத்த சதையை அகற்றுவது

டிப்ரைட்மெண்ட் என்று ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் சொல்லும் வேலை, மண்ணையும் துணியையும் உயிரற்ற சதையையும் எலும்புச் சில்லுகளையும் நீக்கி, ரத்தம் கசியும் இடம் வரை வெட்டிக்கொண்டு போவது. முதல் உலகப் போரின் நடுவில் பெல்ஜிய, பிரெஞ்சு, ஆங்கில மருத்துவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: வெட்டி எடு, திறந்து வை, சில நாள் கழித்துத் தை.

இந்தக் கட்சியின் உச்சம் பார்சிலோனாவில் வந்தது. ஜோசப் ட்ருயெட்டா என்ற கேட்டலன் மருத்துவர், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காயங்களைக் கழுவி, செத்ததை வெட்டி, வடிய வழி செய்து, துணி அடைத்து, மேலே முழு மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் பிரிக்காமல் விட்டார். 1,073 முறிவுகளில் 6 சாவு என்று அவர் எழுதியது பெரிய அதிர்வை உண்டாக்கியது. மாவுக்கட்டின் நாற்றம் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் கால்கள் பிழைத்தன. ஆன்டிபயாடிக் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே கிடைத்த முடிவு இது என்பதை இந்தக் கட்சியினர் இன்றும் ஞாபகப்படுத்துவார்கள். எந்தக் காயங்கள் கணக்கில் சேர்ந்தன, எத்தனை பேரைப் பின்தொடர முடிந்தது, எத்தனை பேருக்கு எலும்புச்சீழ் தங்கிப்போனது போன்றவற்றைப் போர்க்காலப் பதிவிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

பெரிய பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. எது செத்த சதை? கொரியப் போர்க் காலத்திலிருந்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுவது நான்கு அடையாளங்கள்: நிறம், பதம், கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா. இந்த நான்கையும் நுண்ணோக்கியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு சங்கடமான முடிவைத் தந்தது. செத்தது அல்லது சாகப்போவது என்று கருதி வெட்டி எடுக்கப்பட்ட தசைத்துண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை நுண்ணோக்கியின் கீழ் இயல்பாக அல்லது லேசான அழற்சியோடு மட்டுமே இருந்தன. நல்ல சதையும் வெட்டப்படுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். காயம்பட்ட தசை செத்துப்போனதை நுண்ணோக்கியில் காட்டச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால், அந்த அளவுகோலே நம்பத்தக்கதல்ல என்றும் வாதிடலாம். எப்படிப் பார்த்தாலும், எல்லோரும் முக்கியம் என்று ஒப்புக்கொள்ளும் வேலைக்குச் சரியான அளவுகோல் இன்னும் இல்லை.

கழுவுவதைப் பற்றி மட்டும் விவாதம் ஓரளவு முடிந்துவிட்டது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்வே, இந்தியா ஆகிய நாடுகளில் 2,400க்கும் மேற்பட்ட திறந்த முறிவு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. பீய்ச்சி அடிக்கும் எந்திரத்தால் கழுவினாலும், பாட்டிலைத் தலைக்கு மேலே தொங்கவிட்டுக் கழுவினாலும் ஒன்றுதான் என்று அது காட்டியது. சோப்புக் கரைசல் பயன்படுத்தியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. வெறும் செலைனில் கழுவியவர்களில் 11.6 சதவீதம். மலிவானதே வென்றது. மாவட்ட மருத்துவமனைகளுக்கு இந்தத் துறையில் கிடைத்த நல்ல செய்திகளில் இது முதன்மையானது என்பது என் மதிப்பீடு.

ஆறு மணி நேரம்

திறந்த முறிவை ஆறு மணி நேரத்துக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற விதியை ஒரு நூற்றாண்டு முழுவதும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அதன் வேர், 1898இல் ஜெர்மானியரான பவுல் லியோபோல்ட் பிரீட்ரிக் கினி எலிகளில் செய்த சோதனை. காயத்தில் தோட்ட மண்ணையும் மாடிப்படித் தூசியையும் இட்டு, எவ்வளவு நேரத்துக்குள் வெட்டி எடுத்தால் எலி பிழைக்கிறது என்று பார்த்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் பலன் குறைந்தது. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்து எலிக் கணக்கு, மனிதருக்கான விதியாகிச் சில நாடுகளில் நள்ளிரவு ஆபரேஷன்களையும் நீதிமன்ற வாதங்களையும் தீர்மானித்தது.

2010இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று, கடுமையான கீழ்க்கால் காயம் பட்ட 315 பேரில் முதல் டிப்ரைட்மெண்ட் எத்தனை மணி நேரத்தில் நடந்தது என்பதற்கும் தொற்றுக்கும் தொடர்பு காணவில்லை. ஆனால் உரிய சிகிச்சை மையத்துக்கு எவ்வளவு விரைவில் வந்துசேர்ந்தார்கள் என்பதற்குத் தொடர்பு இருந்தது. 2012இல் 16 ஆய்வுகளையும் 3,539 முறிவுகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்விலும் ஆறு மணி எல்லைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்காக நேரமே பொருட்டல்ல என்று சொல்லிவிடவும் முடியாது. மோசமான காயங்களைத்தான் மருத்துவர்கள் முதலில் உள்ளே கொண்டுபோகிறார்கள். அதனால் விரைந்து செய்தவற்றில் தொற்று அதிகமாகத் தெரிந்து, தாமதத்தின் தீங்கு கணக்கில் மறைந்துவிடலாம். மிகக் கடுமையான வகைகளில் 12 மணிக்கு மேல் தாமதித்தால் தொற்று கூடுவதாகப் பிந்தைய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. பிரிட்டிஷ் வழிகாட்டி இதையெல்லாம் ஒட்டி ஓர் இடைவழியைத் தேர்ந்திருக்கிறது. சாக்கடை, தொழுவம், குளத்துத் தண்ணீர் பட்ட காயமென்றால் உடனே. வேகமாக மோதிய காயமென்றால் 12 மணிக்குள். மற்றவற்றுக்கு 24 மணிக்குள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இளைய மருத்துவர் செய்வதைவிடக் காலையில் மூத்த எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து செய்வது மேல் என்ற கணிப்பு அதற்குள் இருக்கிறது. இந்தக் கணிப்பு நியாயமாகப்படுகிறது. ஆனால் இதையும் யாரும் குலுக்கல் முறையில் சோதித்ததில்லை.

ஊசி மருந்து: எது, எப்போது, எத்தனை நாள்

ரண ஜன்னி விஷயத்தில் விவாதம் முடிந்தே நூறு ஆண்டாகிறது. 1914 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் படையில் எல்லாக் காயக்காரர்களுக்கும் எதிர்நச்சு சீரம் போடத் தொடங்கியதும் ரண ஜன்னிக் கணக்கு சில மாதங்களில் சரிந்தது. இன்று விபத்து வார்டில் முதலில் கேட்கப்படும் டி.டி. ஊசி அதன் வாரிசு.

ஆன்டிபயாடிக் தேவையா என்ற கேள்விக்கும் விடை உண்டு. 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மைக்கேல் பட்சாக்கிஸ் வெளியிட்ட ஆய்வில் மருந்து தரப்படாதவர்களில் 13.9 சதவீதம் பேருக்கும், பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் தரப்பட்டவர்களில் 9.7 சதவீதம் பேருக்கும், செபலோதின் தரப்பட்டவர்களில் 2.3 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. அதன் பிறகு மருந்தே தராமல் இன்னொரு ஆய்வு நடத்த யாருக்கும் மனம் வரவில்லை.

எப்போது என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் 66 நிமிடம். 2015இல் வெளியான இந்த ஆய்வு, கடுமையான கணைக்கால் எலும்பு முறிவுகள் 137ஐ மட்டும் பார்த்தது, பின்னோக்கிய கணக்கு. 66 என்ற துல்லியத்தை நம்புவது கடினம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கிராமச் சாலையிலிருந்து முதலில் ஒரு தாலுகா மருத்துவமனை, பிறகு இன்னொன்று என்று மாறி வருகிற நோயாளிக்கு முதல் ஊசியைக் கடைசி மருத்துவமனை போடும்வரை காத்திருப்பதில் பொருளில்லை. முதலில் பார்க்கும் செவிலியரே போட்டுவிடக்கூடிய மலிவான மருந்து செபசோலின்.

எத்தனை நாள் என்பதில் நடைமுறைக்கும் சான்றுக்கும் இடையே இடைவெளி பெரிது. ஒரு நாள் கொடுத்ததற்கும் ஐந்து நாள் கொடுத்ததற்கும் தெளிவான வேறுபாடு இல்லை என்று 1988இலேயே குலுக்கல் ஆய்வு வந்துவிட்டது. கடுமையான காயங்களுக்கும் 72 மணி நேரத்துக்கு மேல், அல்லது காயத்தை மூடி 24 மணி நேரத்துக்கு மேல், தேவையில்லை என்கிறது அமெரிக்க விபத்து அறுவை மருத்துவர்களின் 2011 வழிகாட்டி. ஆனாலும் பத்து நாள் சீட்டு எழுதுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. பயம் புரியக்கூடியதுதான், விலையை நோயாளியோடு வார்டும் சேர்ந்து கொடுக்கிறது.

அந்த விலை என்ன என்பதற்கு ஓர் உள்ளூர்ச் சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து 2010இல் வெளியான கட்டுரை, கார்பபீனம் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதி கொண்ட கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் காட்டியது. நொதிக்கு டெல்லியின் பெயர் வைத்ததில் எழுந்த அரசியல் சண்டை அப்போது செய்தியானது. கிருமிகள் செய்தியானது குறைவு.

திறந்த முறிவுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. சாலையில் காயத்துக்குள் போன கிருமியும் பிற்பாடு சீழில் வளரும் கிருமியும் பெரும்பாலும் ஒன்றல்ல என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வந்த உடனே எடுக்கும் மாதிரி, எந்தத் தொற்று வரப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. கணிசமான பங்கு தொற்று, காயம் திறந்து கிடக்கும் நாட்களில் வார்டிலிருந்தே வந்து சேருகிறது என்பது இதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு.

மூடுவதா, விடுவதா

அப்படியானால் காயத்தைச் சீக்கிரம் மூடுவதே வழி என்பது நான்காவது கட்சியின் வாதம். இதன் நவீன முன்னோடி லியுப்லியானாவைச் சேர்ந்த மார்கோ கோதினா. உடலின் வேறிடத்திலிருந்து ரத்தக்குழாயோடு சதையை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் இணைத்துக் காயத்தை மூடும் ஃபிளாப் அறுவையை 532 பேருக்குச் செய்திருந்தார். 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் தொற்று 1.5 சதவீதம், மூன்று நாள் முதல் மூன்று மாதம் வரை தாமதித்தவர்களில் 17.5 சதவீதம். கட்டுரை வெளியான 1986ஆம் ஆண்டிலேயே அவர் கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. தொடக்கக் காலத்தில் தாமதமாகச் செய்தார், கை பழகிய பிறகு விரைவாகச் செய்தார். பலனில் எவ்வளவு விரைவுக்கு, எவ்வளவு கைப்பழக்கத்துக்கு என்று பிரிக்க முடியாது. இருந்தாலும் 72 மணி என்ற எண் பிரிட்டிஷ் வழிகாட்டியில் இடம்பிடித்துவிட்டது.

ஃபிளாப் தேவைப்படாத அளவுக்குத் தோல் இருக்கும் கடும் காயங்களை முதல் நாளே தைக்கலாமா? போர்க்கால மருத்துவம் கூடவே கூடாது என்றது. இந்தத் தடையை ஒழுங்காகக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர்கள் கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரனும் குழுவினரும். அவர்களுடைய முதல் பங்களிப்பு காயத்துக்கு மதிப்பெண் போடும் முறை. உலகம் முழுவதும் புழங்கும் கஸ்டிலோ-ஆண்டர்சன் வகைப்பாடு (1976, மின்னியாபொலிஸ்) எளிது, ஆனால் முரடானது. ஒரே காயத்தின் வீடியோவைப் பார்த்த மருத்துவர்களிடையே ஒற்றுமை சராசரியாக 60 சதவீதம்தான் என்று 1994இல் தெரியவந்தது. மூன்றாவது வகை என்று இரண்டு ஊரில் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே காயமல்ல. எனவே ஒப்பிடப்பட்ட எல்லா எண்களும் கொஞ்சம் ஆடுகின்றன. 2006இல் வெளியான கங்கா மதிப்பெண், தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரையும், சர்க்கரை நோய், தாமதம், சாக்கடை மாசு போன்ற கூடுதல் அபாயங்களுக்கு இரண்டிரண்டும் தருகிறது. 14 வரை காலைக் காப்பாற்றலாம்; 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது; இடையில் உள்ளவை மருத்துவரின் முடிவுக்கு. விதி தீர்ப்புச் சொல்லாமல் நிற்கும் இடத்தை வெளிப்படையாக ஒதுக்கி வைத்ததுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

2009இல் அதே குழு, 173 கடும் காயங்களை முதல் நாளே தைத்து மூடி, குறைந்தது ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டது. சுமார் 87 சதவீதத்தில் மிகச் சிறந்த முடிவு. ஆழமான தொற்று ஐந்து பேருக்கு. ஆனால் யாரைத் தைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தோல் இழப்பு இல்லை, விளிம்பில் ரத்தம் கசிகிறது, இழுக்காமல் தைக்க முடிகிறது, மொத்த மதிப்பெண் 10க்குள், டிப்ரைட்மெண்ட் 12 மணிக்குள், சாக்கடையோ தொழுவமோ படவில்லை. அனுபவமுள்ள எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் வெட்டிலிருந்தே கூட இருந்தார்கள். நிபந்தனைகளை விட்டுவிட்டுத் தையலை மட்டும் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டேக்கின் கரைசலின் வரலாறே எச்சரிக்கை.

மூட முடியாத நாட்களுக்கு இடைக்கால வழியாக வந்தது வேக் டிரெஸ்ஸிங். ஸ்பஞ்சை வைத்து ஒட்டி எந்திரத்தால் உறிஞ்சும் இந்த முறையை 1990களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ எல்லோரும் கொண்டாடினார்கள். 460 பேரை வைத்து 2018இல் வெளியான பிரிட்டிஷ் குலுக்கல் ஆய்வில் ஆழமான தொற்று வேக் போட்டவர்களில் 7.1 சதவீதம், சாதாரண டிரெஸ்ஸிங் போட்டவர்களில் 8.1 சதவீதம்; ஓராண்டு கழித்து நடமாட்டத்தில் வேறுபாடு இல்லை. டிரெஸ்ஸிங் மாற்றும் எண்ணிக்கையையும் செவிலியர் சுமையையும் அது குறைக்கலாம். தொற்றைக் குறைக்கிறது என்று இனி அடித்துச் சொல்வது கடினம்.

தொற்று வந்த பிறகு

சிகிச்சையின் அடித்தளம் மாறியது குறைவு: திரும்பத் திறந்து, செத்த எலும்பை எடுத்து, முறிவை ஆடாமல் நிறுத்தி, மூடி, மருந்து கொடுப்பது. எது தொற்று என்பதிலேயே ஒப்புதல் 2018இல்தான் வந்தது. சீழ் வடிதல், எலும்புவரை இறங்கிய புரை, ஆழத்திலிருந்து எடுத்த குறைந்தது இரண்டு தனி மாதிரிகளில் ஒரே கிருமி, திசுவில் நுண்ணோக்கிச் சான்று ஆகியவற்றில் ஒன்று இருந்தால் உறுதி. ஐந்து மாதிரிகளாவது எடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. மேலே துடைத்து எடுக்கும் பஞ்சு உதவாது.

உள்ளே இருக்கும் ராடையோ பிளேட்டையோ எடுப்பதா, விட்டுவைப்பதா என்பதில் கருத்து பிரிகிறது. உலோகத்தின் மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து ஊடுருவாது. எடுத்துவிட்டால் முறிவு ஆடும், ஆடும் முறிவில் தொற்று அடங்காது. சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் விட்டுவைக்கலாம் என்பதே பொதுப் போக்கு. ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ், எலும்புக்குள் உள்ள மிக நுண்ணிய கால்வாய்களுக்குள்ளேயே நுழைந்து தங்குவதை மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் காட்டிய பிறகு, உலோகத்தை மட்டும் குற்றம் சொல்வது கடினமாகியிருக்கிறது.

ஆறு வாரம் நரம்பு வழி மருந்து என்ற வழக்கத்தை 2019இல் பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்த ஆய்வு அசைத்தது. தோல்வி, நரம்பு வழியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2 சதவீதம். மாத்திரைக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்தால்தான் இது உதவும், என்.டி.எம்.-1 வார்டில் அந்த வசதி எப்போதும் இருப்பதில்லை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களைப் பயன்படுத்தும் சிகிச்சை பற்றி ஆர்வமூட்டும் ஒற்றை நோயாளி அறிக்கைகள் வந்திருக்கின்றன. அதற்கு மேல் இப்போதைக்குச் சொல்ல முடியாது.

இன்னும் திறந்திருப்பவை

உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. ஆன்டிபயாடிக் முதல் வேளையைச் சீக்கிரம் கொடுப்பது, கொஞ்ச நாளில் நிறுத்துவது, செலைனால் கழுவுவது, தகுந்த கையால் டிப்ரைட்மெண்ட் செய்வது, காயத்தைச் சில நாட்களுக்குள் மூடுவது. புகைப்பதை விட வைப்பதையும் சேர்க்கலாம். கடுமையான கணைக்கால் எலும்பு முறிவில் புகைப்பவர்களுக்குத் தொற்று ஏறத்தாழ இரு மடங்கு என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது.

நிச்சயமில்லாதவை இதைவிட அதிகம். கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்காக ஜென்டாமைசின் சேர்ப்பது எதிர்ப்புத்திறன் மிகுந்த வார்டில் பயன்தருமா என்பது அதில் ஒன்று. இன்னொன்று நிர்வாகம் சார்ந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உயிரைக் காக்க அது சரியான எல்லை. ஆனால் ஃபிளாப்புக்கான அறிவுரை 72 மணி. பிளாஸ்டிக் சர்ஜன் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தவரை எப்போது, எங்கே மாற்றுவது என்பதற்கு மருத்துவ ஆய்வு மட்டும் விடை தராது.

மூன்றாவது, டிப்ரைட்மெண்டின் தரம். நரம்பில் ஏற்றிய சாயம் அகச்சிவப்பு ஒளியில் ஒளிர்வதைக் கொண்டு எலும்பிலும் சதையிலும் ரத்தம் எங்கே ஓடுகிறது என்று தியேட்டரிலேயே பார்க்கும் முறை அமெரிக்காவில் சோதிக்கப்பட்டுவருகிறது. அது மருத்துவரின் கண்ணைவிட நன்றாகக் காட்டுமா, காட்டினாலும் அதைப் பின்பற்றி வெட்டியவர்களுக்குத் தொற்று குறையுமா என்பதற்கு இனிமேல்தான் பதில் வரவேண்டும்.